பழைய மதர்போர்டுக்குப் பாகம் தேடுகிறீர்களா? சிப்பின் எண்ணைப் பாருங்கள்

386, 486 ப்ராசஸர் காலத்துக் கம்ப்யூட்டர் மதர்போர்டில் ஒரு சிப் போய்விட்டால், போர்டின் மாடல் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். சிப்பின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைத் தேடுங்கள். போர்டு செய்த கம்பெனிகள் ஏராளம், ஆனால் உள்ளே போட்டதில் பெரும்பாலும் பொதுச் சரக்குதான். எஸ்என்74எல்எஸ்245என் என்று இருந்தால், முன்னால் உள்ள எஸ்என் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் அடையாளம், கடைசி என் பிளாஸ்டிக் டிப் உறை (இரண்டு பக்கமும் வரிசையாகக் கால் உள்ள வகை), ஆக உங்களுக்கு வேண்டியது டிப் உறையில் ஒரு 74எல்எஸ்245, யார் செய்ததானாலும் சரி, அது இன்றைக்கும் புதிதாகவே கிடைக்கிறது. நடுவில் இருக்கும் எல்எஸ் (சில சிப்பில் எஃப்) எழுத்துகளை மட்டும் மாற்றாதீர்கள், வேகம் மாறிவிடும். பக்கத்தில் 9342 என்று ஒரு எண் இருந்தால் அது 1993-ன் 42-வது வாரத்தில் தயாரானது என்ற தேதிக் குறி, அதைப் போட்டுத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அப்புறம், டாலஸ் கம்பெனியின் டிஎஸ்1287 கடிகாரச் சிப்புக்குப் பதில் டிஎஸ்12887 போடலாம். பழைய ஸ்டாக் மட்டும் வேண்டாம், பேட்டரி உள்ளேயே அடைத்திருப்பதால் பிரிக்காத பெட்டியிலேயே செத்திருக்கலாம்.

சிப்செட்டுக்கு, அதாவது ப்ராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் பெரிய சிப்களுக்கு, இந்த வழி உதவாது. அதே சிப்செட் உள்ள செத்த போர்டு ஒன்றை வாங்கிப் பிடுங்க வேண்டியதுதான். கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் நிரல் இருக்கும் பயாஸ் சிப்புக்கும் எண்ணை வைத்துத் தேடினால் எதுவும் எழுதாத வெற்று நினைவகச் சிப்தான் (ஈப்ராம்) கிடைக்கும், அதில் எழுத அந்தப் போர்டுக்கே உரிய கோப்பு வேண்டும்.