தோள்பட்டை இறுக்கத்துக்கு ஒரு பழைய டென்னிஸ் பந்து

வலது தோள்பட்டைக்கும் முதுகெலும்புக்கும் நடுவில், ஒரே இடத்தில், இரண்டு வருடம் வலித்தது. சிங்கப்பூரில் ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரை எம்ஆர்டி ரயிலில் குனிந்தபடி கைப்பேசி, அப்புறம் நாள் முழுக்க மடிக்கணினி. தேக்கா பக்கம் போய் எண்ணெய் போட்டுப் பிடித்துவிடச் சொல்வேன். இரண்டு நாள் சுகமாக இருக்கும், மூன்றாம் நாள் பழையபடி. இப்போது வீட்டுச் சுவரிலேயே பத்து நிமிடம் செய்துகொள்கிறேன்.

வேண்டியவை ஒரு பழைய டென்னிஸ் பந்து, ஒரு நீளமான காலுறை. கெட்டியான ரப்பர் பந்து ஆரம்பத்தில் வேண்டாம், கல் மாதிரி குத்தும். தசையைத் தட்டி அதிரவைக்கும் ‘மசாஜ் கன்’ கருவியும் முதுகுக்கு எனக்குப் பிடிக்கவில்லை. பின்னால் எட்டிப் பிடிக்கிற கையே இறுகிப்போகிறது. தைலம் பூசுவதாக இருந்தால் கடைசியில் பூசுங்கள்.

பந்தைக் காலுறைக்குள் போட்டு, நுனியை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது தோளுக்கு மேலாகப் பின்னால் தொங்கவிடுங்கள். சுவரில் முதுகு சாய, பாதங்கள் ஓர் அடி முன்னால், முழங்கால் லேசாக மடங்கி இருக்கட்டும்.

நான் மாதக்கணக்கில் தவறு செய்த இடம் இதுதான். பந்தைத் தோள்பட்டை எலும்பின் மேலேயே அழுத்திக்கொண்டிருந்தேன். வலிக்கும், பலன் இராது. வலது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து இடது தோளைப் பிடியுங்கள். எலும்பு வெளிப்பக்கம் நகர்ந்து, அதன் உள்விளிம்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் சதைப்பற்றான இடம் திறக்கும். பந்து அங்கே இருக்க வேண்டும், முதுகெலும்பின் மேல் படக் கூடாது. முழங்காலை மடக்கி நீட்டி மெல்ல ஏற்றி இறக்குங்கள். ‘ஆ, இதுதான்’ என்கிற புள்ளி வந்ததும் உருட்டாமல் நின்று, மூச்சை நிதானமாக வெளியே விடுங்கள். 30 வினாடியிலிருந்து ஒரு நிமிடம் போதும். பல்லைக் கடிக்க வேண்டியிருந்தால் அழுத்தம் அதிகம்.

சரி, அடுத்தது மார்பு. வலி பின்னால் என்பதால் இதை நான் தொட்டதே இல்லை. மார்புத் தசைக்கு அடியில் சின்னதாக இன்னொரு தசை, 3, 4, 5-ஆம் விலா எலும்புகளிலிருந்து தோள்பட்டை எலும்பின் முன்பக்கக் கொக்கிக்குப் போகிறது. குனிந்தே இருந்தால் அது இறுகித் தோளை முன்னால் இழுக்கும், முதுகுத் தசை நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டும். கதவு நிலை ஓரமாகச் சுவரைப் பார்த்து நின்று, காறை எலும்புக்குக் கீழே, தோள் பக்கமாகப் பந்தை வைத்து மென்மையாகச் சாயுங்கள். கைக்குப் போகும் நரம்புகள் அந்தத் தசைக்கு அடியில்தான் போகின்றன. விரல் மரத்துப்போனால் உடனே பந்தை நெஞ்சின் நடுப்பக்கம் நகர்த்துங்கள். பிறகு முழங்கையை மடக்கி முன்கையைக் கதவு நிலையில் ஊன்றி, ஒரு காலை முன்வைத்து 30 வினாடி நீட்சி. என் வலி மூன்றாம் நாள் திரும்பி வராமல் போனது இதைச் சேர்த்த பிறகுதான்.

பின்சேர்க்கை: கழுத்திலும் பந்தை வைக்கலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். முன்கழுத்திலும் பக்கக் கழுத்திலும் வேண்டவே வேண்டாம், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அங்கே இருக்கிறது. கை மரத்துக்கொண்டே இருந்தாலோ, பலம் குறைந்தாலோ, விழுந்த பிறகு வந்த வலியாக இருந்தாலோ பந்தைத் தொடாமல் பாலிகிளினிக்கில் டாக்டரைப் பாருங்கள்.

வயதானவர்கள் எப்படிச் செய்வது என்று கேட்ட அக்காவுக்கு: என் அம்மாவைச் சுவரை ஒட்டி முக்காலியில் உட்காரவைக்கிறேன். காலுறையை நான் பிடித்துக்கொள்கிறேன். “இன்னும் கொஞ்சம் கீழேப்பா... ஆங், அங்கேதான்” என்பார். அப்புறம் அவராகவே சாய்ந்துகொள்வார்.