பானை ஓடுகளைக் கொண்டு ஒரு மண்மேட்டின் காலத்தைக் கணிப்பது எப்படி?

வயலுக்கு நடுவே ஒரு மேடு. உழும்போதெல்லாம் பானை ஓடுகள் மேலே வரும். நத்தமேடு, பாண்டியன் மேடு என்று ஊரில் ஏதாவது பெயர் இருக்கும். பழைய வாழ்விடமாக இருக்கலாம். தோண்டுவதற்குத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும். நாம் தரைமேல் கிடப்பதை மட்டும் பார்க்கப் போகிறோம்.

1. நில உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, உழுத நிலத்தில் ஒரு மழை பெய்த பிறகு போங்கள். மண் கழுவப்பட்டு ஓடுகள் தெளிவாகத் தெரியும்.

2. கயிறு பிடித்து மேட்டைப் பத்து மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே அளவு நேரம் நடந்து ஓடுகளை எண்ணுங்கள். இல்லாவிட்டால் நமக்குப் பிடித்த இடத்தில்தான் அதிகம் கிடைத்தது போலத் தோன்றும். சரிவின் அடியில் குவிந்து கிடப்பவை மழையில் உருண்டு வந்தவையாக இருக்கலாம். தனியாகக் குறித்து வையுங்கள். செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம் பக்கத்தில் இருந்தால் அதிர்ஷ்டம்தான். சாம்பல், ஓடு, களிமண் என்று அடுக்குகளை வெட்டுமுகத்திலேயே பார்த்துவிடலாம்.

3. வாய் விளிம்பு, அடிப்பகுதி, கோடோ கீறலோ உள்ள துண்டு இவைதான் அதிகம் பேசும். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். எங்கே கிடந்தது என்று தெரியாத ஓட்டில் பாதிச் செய்தி போய்விடுகிறது.

4. இனி காலம். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு என்றால் கருப்பு சிவப்பு ஓடு. பார்த்ததும் உற்சாகம் வரும், ஆனால் அவசரப்படாதீர்கள். இரும்புக்காலம் முதல் சங்க காலம் வரை நெடுங்காலம் புழங்கிய வகை அது. அதை மட்டும் வைத்து நூற்றாண்டு சொல்ல முடியாது. குறுகிய காலம் புழங்கிய வகை ஏதாவது உடன் கிடக்கிறதா என்று தேடுங்கள்.

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, இத்தாலியில் செய்த அரிட்டைன் என்ற பளபளப்பான சிவப்பு ஓடுகள் கிடைத்தன. அவற்றின் காலம் ரோமானிய ஆய்வுகளால் ஏற்கெனவே தெரியும். அதை வைத்து, அவற்றோடு கிடந்த ரௌலட்டட் ஓடுகளுக்கு அவர் கி.பி. முதல் நூற்றாண்டையொட்டிக் காலம் கணித்தார். மெல்லிய தட்டின் உட்புறத்தில் நுண்ணிய புள்ளி வளையங்கள் ஓடும் வகை அது. கி.மு.விலேயே அது தொடங்கிவிட்டது என்று தொல்லியலாளர் விமலா பெக்லி பின்னர் காட்டினார். ஆகவே பழைய நூல்களில் உள்ள காலத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பளபளப்பான பச்சைப் பூச்சுள்ள சீன ஓடு கிடைத்தால் இடைக்காலத்திலும் அங்கே ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது.

5. ஒற்றை ஓட்டை நம்பாதீர்கள். எலி வளை, ஏர், குப்பை எரு எல்லாமே ஓடுகளை இடம் மாற்றும். பல கட்டங்களில் ஒரே வகைகள் சேர்ந்து வந்தால்தான் கணிப்புக்கு வலு. அப்போதும் 'இன்ன நூற்றாண்டு முதல் இன்னது வரை' என்றே எழுதுங்கள்.

எழுத்துப் பொறித்த ஓடு கண்ணில் பட்டால் எடுக்காமல், இடத்தைக் குறித்து, கட்ட வரைபடத்தோடும் படங்களோடும் மாநிலத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.