மைக்ரைட்டைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகச் சுண்ணாம்புக்கல்லை ஒளி ஊடுருவும்படி தேய்த்தெடுத்த மென்சீவலில் கருத்து மங்கிய பகுதியைக் கண்டதும் "மைக்ரைட், எனவே ஆழமான அமைதியான கடல்" என்று எழுதிவிடுகிறார்கள். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 4 மைக்ரானுக்கும் சிறிய படிகங்களாக இறுகிய சுண்ணச்சேறே மைக்ரைட். அது ஆழத்தைக் காட்டும் அளவுகோல் அல்ல. கிரேட் பஹாமா கடல்மேடையில் பத்து மீட்டருக்கும் குறைந்த நீரிலேயே அரகோனைட் (கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம்) ஊசிச்சேறு தாராளமாகப் படிகிறது. அமைதி வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. நுண்துகள்கள் திரளாக ஒட்டிக்கொண்டால் நீரோட்டத்திலும் உருண்டு வந்து படியும்.

அடுத்தது சீவலின் தடிமன். 30 மைக்ரான் சீவலுக்குள் 4 மைக்ரான் படிகங்கள் ஏழெட்டு அடுக்காக நிற்கும். ஒவ்வொரு எல்லையிலும் ஒளி சிதறுவதால்தான் மைக்ரைட் கருமையாகத் தெரிகிறது. சீவல் தடித்துவிட்டால், மைக்ரைட்டைவிடப் பெரிய படிகங்களாலான மைக்ரோஸ்பாரும் அதே போல் இருண்டு ஏமாற்றும். எங்காவது ஒரு குவார்ட்ஸ் மணி இருந்தால் குறுக்கு ஒளிமுனைப்பில் (ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரு முனைப்பு வடிப்பான்களுக்கு இடையே) பாருங்கள்: வெளிர் சாம்பல் என்றால் தடிமன் சரி, மஞ்சள் தட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும். படிக அளவை உறுதியாகச் சொல்ல எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் வழி.

சேறாகத் தெரிவதெல்லாம் சேறாகப் படிந்ததும் அல்ல. உயிரிகளின் மென்மையான கழிவு உருண்டைகள் இறுகுமுன் நசுங்கினால் ஒன்றோடொன்று கலந்து ஒரே சேறாகிவிடும். கவிழ்ந்து கிடக்கும் சிப்பி ஓட்டின் அடியைத் தேடிப் பாருங்கள். அழுத்தம் எட்டாத அந்த நிழலில் உருண்டைகள் முழுசாகவே இருக்கும். அங்கே அவை இருந்தால், சுற்றியுள்ள 'சேற்றின்' பிறப்பையும் சந்தேகிக்கத்தான் வேண்டும். பாறைக்குள் இருக்கும் குழியின் கூரையில் மைக்ரைட் ஒட்டியிருந்தால் அது மேலிருந்து படிந்ததே அல்ல, அங்கேயே படிகமானது.

மூலம் ஒன்றுதான் என்று முடிவு கட்டவும் கூடாது. ஹாலிமெடா, பெனிசில்லஸ் பாசிகளின் சிதைவு, நீரிலிருந்து நேரடி வீழ்படிவு, மீன்களின் குடல், ஓடுகளைத் துளைக்கும் உயிரிகள் எல்லாமே சேறு தருகின்றன. கிரெட்டேசியஸ் காலத்துச் சாக்கு (chalk என்னும் மிருதுவான வெண்சுண்ணப் பாறை) பெரும்பாலும் காக்கோலித் தகடுகள், அதாவது நுண்ணிய மிதவைப் பாசிகளின் சுண்ணத் தகடுகள். அவை தொடக்கத்திலேயே கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட்டின் நிலையான படிக வடிவம். அதனால்தான் அரகோனைட் சேறு கரைந்து மறுபடிகமாகி இறுகும் இடத்தில் சாக்கு மிருதுவாகவே நின்றுவிடுகிறது.

பாறையைத் தாங்குவது சேறா துகள்களா என்று பார்த்துச் சுண்ணாம்புக்கல்லைப் பிரிக்கும் டன்ஹாம் முறையில் வகைப்படுத்தும்போது துகள்கள் தனித்து மிதப்பதாகத் தெரிந்தாலே "சேறு தாங்கியது" என்று குறிக்காதீர்கள். வளைந்த ஓடுகள் வெட்டுமுகத்துக்கு வெளியே ஒன்றையொன்று தொட்டிருக்கலாம். அதே மாதிரியைச் செங்குத்தாக இன்னொரு திசையிலும் வெட்டிப் பார்த்த பிறகே வாக்ஸ்டோனா (சேறு தாங்கியது) பேக்ஸ்டோனா (சேறு இருந்தும் துகள்களே தாங்கியது) என்று எழுதுங்கள்.