ரோஜாப் பழம் பறிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோஜாப் பூ உதிர்ந்த பின் அதன் அடியில் உருண்டு சிவக்கும் காய்தான் ரோஜாப் பழம். ஓசூர், பாகலூர் பக்கம் சந்தைக்கு வளர்க்கும் ரோஜாவில் பழம் பறிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அசுவினிக்கும் சிலந்திப்பேனுக்கும் சாம்பல் நோய்க்கும் அங்கே மாறி மாறி மருந்து அடிக்கிறார்கள். உண்பதற்கான பயிர் இல்லை என்பதால், அடித்த எத்தனை நாளில் வாயில் வைக்கலாம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கழுவினால் போய்விடும் என்று நம்பாதீர்கள். செடிக்குள் ஊடுருவும் மருந்துகளைத் தண்ணீர் எடுக்காது. மருந்தே படாத வீட்டுச் செடியில் மட்டும் பறியுங்கள்.

வீட்டிலும் அடுக்கு இதழ் ரகங்கள் எளிதில் பழம் பிடிப்பதில்லை. பழத்துக்குப் பெயர்போனவை ஐரோப்பாவின் ரோசா கனைனா போன்ற ஐந்து இதழ்க் காட்டு ரோஜாக்கள். இரண்டாம் உலகப் போரில் ஆரஞ்சு வரத்து குறைந்தபோது, பிரிட்டனில் வேலியோரங்களில் இவற்றின் பழத்தைச் சேகரித்துக் குழந்தைகளுக்கு சிரப் காய்ச்சினார்கள். எந்த ரகமானாலும், வாடிய பூவைக் கிள்ளிவிட்டால் பழம் வராது.

உறைபனி விழுந்த பிறகே பறிக்க வேண்டும் என்பது குளிர்நாட்டுக் குறிப்பு. கிருஷ்ணகிரியில் அதற்காகக் காத்திருந்தால் பழம் செடியிலேயே சுருங்கிவிடும். நன்றாகச் சிவந்து, கெட்டித்தன்மை போகாமல் இருக்கும்போதே பறித்துவிடலாம்.

அடுத்ததில் மிகவும் கவனம் வேண்டும். பழத்துக்குள் விதைகளைச் சுற்றி நுண்ணிய முடிகள் நிறைந்திருக்கும். தோலில் பட்டால் அரிக்கும்; விழுங்கினால் வாயும் தொண்டையும் உறுத்தும். முழுப் பழத்தை மிக்ஸியில் அடித்து அப்படியே குடிப்பது கூடவே கூடாது. இரண்டாகப் பிளந்து, விதையையும் முடியையும் சுரண்டி எடுத்துவிட்டுக் கழுவுங்கள். சாறு எடுத்தால் சல்லடை போதாது. பருத்தித் துணியை மடித்து இரண்டு முறை வடிகட்டுங்கள். குழந்தைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் மூன்றாம் முறையும் வடிகட்டுங்கள்.

பழத்தின் பெருமை வைட்டமின் சி. நெடுநேரம் கொதிக்க வைத்தால் அதில் பெரும்பகுதி அழிந்துவிடும். செம்புப் பாத்திரம் அந்த அழிவை விரைவுபடுத்தும். எவர்சில்வரில் காய்ச்சி, சீக்கிரம் இறக்குங்கள். சத்து மட்டும்தான் நோக்கம் என்றால், தருமபுரி சந்தையில் கிடைக்கும் பெருநெல்லியே போதும் என்பது என் கருத்து. ரோஜாப் பழத்தை அதன் இளம்புளிப்புக்காகத் தேநீரிலும் ஜாமிலும் சேருங்கள். மூட்டுவலிக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்காதீர்கள்.

காய வைப்பதென்றால் நிழலில், காற்றோட்டத்தில் காய வையுங்கள். வளைத்தால் ஒடியாமல் மடங்கும் துண்டில் ஈரம் மிச்சம் இருக்கிறது. அதைப் புட்டியில் அடைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.