மேக்கோடில் நமக்கென்று ஒரு பிளாக்: தொட்டித் தண்ணீர் அளந்த கதையோடு

"அப்பா, தொட்டி ரொம்பிடுச்சாம்" என்றாள் மகள். நானும் நம்பி மோட்டாரை நிறுத்தினேன். கால் மணி நேரத்தில் குழாயில் வெறும் காற்று. மாடிக்கு ஏறிப் பார்த்தால் தொட்டியில் ஒரு சாண் தண்ணீர்கூட இல்லை. மூடியின் உள்பக்கம் நாங்கள் ஒட்டியிருந்த சென்சாரிலிருந்து ஒரு வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். சென்சார் மேலிருந்து ஒலியை அனுப்பி, எதிரொலி வர ஆகும் நேரத்தை வைத்து, தண்ணீர் வரைக்குமான தூரத்தை அளக்கிறது. தூரம் குறைந்தால் தொட்டி நிறைகிறது என்று அர்த்தம். வயர் கழன்றதும் எதிரொலி வரவில்லை. எதிரொலி வராவிட்டால், சென்சாரோடு இணைத்திருக்கும் மைக்ரோபிட் (நிரல் ஏற்றி ஓட்டும் சின்ன போர்டு) தரும் எண் 0. தூரம் 0 என்றால்? தொட்டி நிரம்பி வழிகிறது! இதைச் சரிசெய்ய மேக்கோடில் (மைக்ரோபிட்டுக்கு பிரவுசரிலேயே நிரல் கட்டும் தளம்) வெறும் பிளாக்குகளோடு இரண்டு மாலை மல்லுக்கட்டினேன். கடைசியில் நாமே ஒரு பிளாக் எழுதிக்கொள்வதுதான் சுலபம் என்று புரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மேக்கோடில் பிளாக்குகளை இழுத்துப் போட்டு ஒரு சிரித்த முகமாவது காட்டியிருக்கிறீர்கள், ஹெக்ஸ் கோப்பை போர்டில் ஏற்றத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்திருக்க வேண்டாம். கீழே நிரலில் வரும் சொற்களை ஒலிப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன்; நீங்கள் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். பெரும்பாலானவற்றைத் தட்டவே வேண்டியிருக்காது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த சென்சாருக்கு "சோனார்" என்ற பெயரில் ரெடிமேட் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் பிளாக்குகளின் தொகுப்பு) இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் தேடினால் கிடைக்கும். அவசர வேலை என்றால் அதையே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நாளைக்கு வேறு சென்சார் வாங்குவீர்கள். அதற்கு எக்ஸ்டென்ஷன் இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

முதலில் வயரிங், அதுவும் சுருக்கமாக

சென்சார் ஹெச்சி-எஸ்ஆர்04. இரண்டு கண் போல இருக்குமே, அதுதான். சாதாரண வகைக்கு 5 வோல்ட் வேண்டும். எக்கோ காலிலிருந்து (எதிரொலியைத் தெரிவிக்கும் இணைப்பு) திரும்பி வருவதும் 5 வோல்ட்தான். மைக்ரோபிட்டோ 3 வோல்ட் ஆசாமி. நேராகக் கொடுத்தால் மைக்ரோபிட்டின் பின் (வயர் மாட்டும் இணைப்பு) கெட்டுப்போய்விடலாம். எக்கோ வழியில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, அது மைக்ரோபிட்டைத் தொடும் இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் ஒன்றைப் போட்டால் 5 வோல்ட் சுமார் 3.3 ஆக இறங்கிவிடும். எனக்கு இந்த வம்பே பிடிக்காது. பெயரின் கடைசியில் 'பி' என்று சேர்ந்து வரும் வகையைக் கேட்டு வாங்குங்கள். அது 3 வோல்ட்டிலேயே ஓடும், ரெசிஸ்டர் தேவையில்லை. கடையில் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள், போர்டின் முதுகில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து எடுங்கள்.

டிரிக் காலை (ஒலியை அனுப்பச் சொல்லும் இணைப்பு) பின் 0-இலும், எக்கோ காலை பின் 1-இலும் கொடுங்கள். சென்சாருக்குத் தனியாக பவர் கொடுத்தால் இரண்டின் கிரவுண்டையும் இணைக்க மறக்காதீர்கள்.

வேலையை பிளாக்கிலேயே செய்துவிடுங்கள்

நிரலை முதலிலிருந்தே கையால் எழுதவேண்டாம் என்பது என் கட்சி. பிளாக்கில் கட்டுங்கள், மேக்கோட் அதை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தரும், அதைத் திருடிக்கொள்ளலாம். எழுத்துப் பிழைக்கு இடமே இல்லை.

"ஃபாரெவர்" பிளாக்குக்குள் இந்த வரிசையில் போடுங்கள்: பின் 0-ஐ 0 ஆக்கு, 2 மைக்ரோ விநாடி பொறு, பின் 0-ஐ 1 ஆக்கு, 10 மைக்ரோ விநாடி பொறு, மறுபடி 0 ஆக்கு. "வெயிட்" பிளாக் "கன்ட்ரோல்" வகையில் இருக்கும். எல்லாரும் எடுக்கும் "பாஸ்" பிளாக் மில்லி விநாடிக்கானது, இங்கே உதவாது. அடுத்து "நேரம்" என்று ஒரு மாறி உண்டாக்கி (பெயரை ஆங்கில எழுத்திலேயே வையுங்கள்), "பின்ஸ்" வகையில் இருக்கும் "பல்ஸ் இன்" பிளாக்கை அதில் செருகுங்கள். பின் 1, ஹை.

10 மைக்ரோ விநாடித் துடிப்பைக் கொடுத்ததும் சென்சார் நமக்குக் கேட்காத ஓர் ஒலியை அனுப்பும். அது போய்த் திரும்ப ஆன நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் எக்கோ கால் 1 ஆக இருக்கும். ஒலி 1 செ.மீ. போக ஏறக்குறைய 29 மைக்ரோ விநாடி. போக, வர 58. ஆகவே நேரத்தை 58-ஆல் வகுத்தால் தூரம் சென்டிமீட்டரில் கிடைக்கும்.

நேரத்தை 58-ஆல் வகுத்து எண்ணைக் காட்டும் பிளாக்கைச் சேர்த்து போர்டில் ஓட்டிப் பாருங்கள். திரையில் தெரியும் போலி மைக்ரோபிட்டோடு சென்சார் எதுவும் சேர்ந்திருக்கவில்லை, அதில் வரும் எண்ணை நம்பாதீர்கள். போர்டில் புள்ளிக்குப் பின்னாலும் எண்கள் ஓடும். பரவாயில்லை, பிறகு முழு எண்ணாக்கிவிடலாம்.

இப்போது வேண்டுமென்றே எக்கோ வயரைக் கழற்றுங்கள். 0 வரும், அதுவும் சாவகாசமாக. ஏனென்றால் "பல்ஸ் இன்" எதிரொலிக்காக 2 விநாடி வரைக்கும் காத்திருக்கும்; அந்த 2 விநாடியும் உங்கள் நிரல் அங்கேயே நிற்கும். இந்தக் காத்திருப்பைக் குறைக்க வழி இருக்கிறது, ஆனால் பிளாக்கில் அதற்கான கட்டமே இல்லை. நிரலில் மட்டும்தான் தெரியும். நான் நிரல் பக்கம் எட்டிப் பார்த்ததே இதற்காகத்தான்.

கஸ்டம் கோப்பு

மேலே உள்ள பொத்தானில் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாறுங்கள். போலி மைக்ரோபிட்டுக்குக் கீழே "எக்ஸ்ப்ளோரர்" என்று ஒரு வரி இருக்கும். அதைத் திறந்தால் பக்கத்தில் கூட்டல் குறி தெரியும். அதை அழுத்தி, கேட்கும் கேள்விக்குச் சரி சொன்னால் "கஸ்டம்.டிஎஸ்" என்று ஒரு கோப்பு வரும். காலியாக வராது, மாதிரிக்கு "ஃபூ", "ஃபிப்" என்று இரண்டு ஃபங்ஷன்கள் (பெயர் வைத்த நிரல் துண்டுகள்) உள்ளே இருக்கும்.

ஃபூவையும், கோப்பின் மேல்பக்கம் இருக்கும் "ஈனம்" பகுதியையும் அழித்துவிடுங்கள். ஃபிப்பை வைத்துக்கொள்ளுங்கள். அது ஓர் எண்ணைத் திருப்பித் தருகிற ஃபங்ஷன். நமக்கு வேண்டியதும் அதேதான். எண்ணைத் திருப்பித் தந்தால் பிளாக் உருண்டையாக வரும், எண் கேட்கிற எந்த ஓட்டையிலும் செருகலாம். எதையும் திருப்பித் தராத "வாய்ட்" ஆக இருந்தால் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்குகிற வடிவில் வரும். உண்மை-பொய் தந்தால் அறுகோணம்.

ஃபிப்பின் பெயரை "தூரம்" என்று (ஆங்கில எழுத்தில்) மாற்றுங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதை எடுத்துவிட்டு "டிரிக்", "எக்கோ" என்று இரண்டு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு முக்காற்புள்ளி, அதன்பின் "டிஜிட்டல்பின்". இப்படி எழுதினால் போதும், பின் எண்களைத் தேர்ந்தெடுக்கும் கீழ்விரி பட்டியலை மேக்கோடே போட்டுத் தந்துவிடும்.

உள்ளே இருக்கும் ஒற்றை வரியை அழித்துவிட்டு, மெயின் கோப்புக்குப் போய் "ஃபாரெவர்" உள்ளே நீங்கள் கட்டியதை வெட்டிக்கொண்டு வந்து ஒட்டுங்கள். அப்புறம் ஐந்து மாற்றங்கள். பின் 0 என்று வருமிடமெல்லாம் "டிரிக்". பின் 1 என்பது "எக்கோ". "நேரம்" முதலில் வரும் வரிக்கு முன்னால் "லெட்" சேர்க்கவேண்டும். மெயின் கோப்பில் அந்த "லெட்" எங்கோ உச்சியில் இருந்ததால் நம்மோடு வரவில்லை. "பல்ஸ் இன்" அடைப்புக்குறிக்குள் கடைசியில் ஒரு காற்புள்ளி போட்டு 25000. இந்த சென்சார் அளப்பது அதிகபட்சம் 400 செ.மீ.; 400-ஐ 58-ஆல் பெருக்கினால் 23200, கொஞ்சம் கூட்டி 25000. 2 விநாடி நின்றது இப்போது கண் சிமிட்டுவதற்குள் முடியும்.

ஐந்தாவதுதான் எங்கள் மானத்தைக் காப்பாற்றியது. நேரம் 0 என்றால் -1-ஐ "ரிட்டர்ன்" செய். இல்லாவிட்டால் நேரத்தை 58-ஆல் வகுத்து, "மேத்.ரவுண்ட்" கொண்டு முழு எண்ணாக்கி "ரிட்டர்ன்" செய். தூரம் ஒருநாளும் -1 ஆகாது. -1 வந்தால் சென்சாரில் கோளாறு என்று திரையில் பெருக்கல் குறி காட்டிவிடலாம். முன்பு 58-ஆல் வகுத்து எண்ணைக் காட்டிய வரியை இங்கே எடுத்துவிடுங்கள்.

நான் தடுக்கி விழுந்த இடம்: //%

ஃபங்ஷனுக்கு நேர் மேலே //% என்று தொடங்கும் வரி இருக்கும். பார்த்தால் சாதாரணக் குறிப்பு வரி போலத்தான் இருக்கும். ஆனால் பிளாக்கை வரைவதே அதுதான். அதை இப்படி மாற்றுங்கள் (கடைசியில் டாலர் குறிக்குப் பின் வருபவை ஆங்கில எழுத்தில்):

//% பிளாக்="தூரம் செ.மீ. அனுப்பும் பின் $டிரிக் கேட்கும் பின் $எக்கோ"

மேற்கோள் குறிக்குள் இருக்கும் வாசகம் தமிழிலேயே இருக்கலாம், பிளாக்கில் அப்படியே தமிழில் தெரியும். என் மகளுக்கு இதில்தான் ஏகக் குஷி. "பிளாக்" என்ற சொல்லும் டாலர் பெயர்களும் மட்டும் ஆங்கிலம்.

இந்த ஒரு வரிக்கு எனக்கு ஒரு மாலை முழுதும் போனது. சாய்கோடுகளுக்கும் விழுக்காட்டுக் குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டிருந்தேன். அழகாக இருக்கட்டும் என்று! இடைவெளி விட்டால் மேக்கோட் அதை வெறும் குறிப்பாக நினைத்து ஒதுக்கிவிடும். சிவப்புக் கோடு கிடையாது, எச்சரிக்கை கிடையாது. பிளாக் வராது, அவ்வளவுதான். நான் பிரவுசரை மாற்றினேன், புது ப்ராஜெக்ட் தொடங்கினேன், நெட் கனெக்‌ஷனைத் திட்டினேன். கடைசியில் அழித்து வைத்திருந்த ஃபூவைத் திரும்பக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டபோதுதான் கண்ணில் பட்டது.

பிளாக் வராவிட்டால் நான் இப்போது பார்க்கும் வரிசை: இடைவெளி இருக்கிறதா, ஃபங்ஷனுக்கு முன்னால் "எக்ஸ்போர்ட்" இருக்கிறதா, டாலர் பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயரோடு பெரிய எழுத்து, சின்ன எழுத்து உட்பட அப்படியே பொருந்துகிறதா. இதெல்லாம் சரியாக இருந்தும் வராவிட்டால் பக்கத்தை ஒருமுறை ரிஃப்ரெஷ் செய்யுங்கள்.

பிளாக் பக்கம் திரும்பினால் "கஸ்டம்" என்று புதிய வகை நிற்கும், உள்ளே நம்முடைய பிளாக். "ஃபாரெவர்" உள்ளே பயன்படுத்தும்போது இரண்டு அளவுகளுக்கு நடுவே ஒரு 100 மில்லி விநாடியாவது "பாஸ்" விடுங்கள். முந்தைய ஒலியின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்ததை அனுப்பினால் எண்கள் குதிக்கும்.

வேறு கருவிகளில்?

ஸ்கிராட்சில் "மை பிளாக்ஸ்" இருக்கிறதே என்பார்கள். அது இருக்கிற பிளாக்குகளை ஒரு பெயருக்குள் கட்டிவைப்பது மட்டும்தான். நிரல் எழுத முடியாது. அதற்கு டர்போவார்ப் (ஸ்கிராட்சின் மாற்று வடிவம்) பக்கம் போகவேண்டும். ஸ்னாப்பில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதவே ஒரு பிளாக் உண்டு, செட்டிங்ஸில் அனுமதி கொடுக்கவேண்டும். ஆப் இன்வென்டருக்கு ஜாவாவில் எக்ஸ்டென்ஷன் எழுதலாம், ஆனால் தொடங்குவதற்கு முன்பே கணினியில் நிறுவவேண்டியவை நிறைய. புதியவர்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன். மேக்கோடில் எதையும் நிறுவவேண்டாம், பிரவுசர் போதும்.

பின்சேர்க்கை

படித்துவிட்டுச் செய்துபார்த்தவர்கள் சொன்னவை சில.

//% வரியை வாட்ஸப்பில் நண்பருக்கு அனுப்பி அங்கிருந்து ஒட்டியவருக்கு பிளாக் சரியாக வரவில்லை. மேற்கோள் குறி வழியில் எங்கோ வளைந்த குறியாக மாறியிருந்தது. நேரான குறிதான் வேண்டும், எடிட்டரிலேயே தட்டிவிடுங்கள்.

இன்னொருவர் "தொட்டி நீர் %" என்று இரண்டாவது பிளாக் செய்யப் பார்த்தார். வாசகத்துக்குள் விழுக்காட்டுக் குறி போடாதீர்கள். டாலர் போல அதற்கும் அங்கே தனி அர்த்தம் உண்டு. "சதவீதம்" என்றே எழுதிவிடுங்கள்.

பின் 3-இல் கொடுத்தவருக்குக் கன்னாபின்னாவென்று எண் வந்தது. 3, 4, 6, 7, 10 எல்லாம் எல்இடி திரையோடு பங்குபோட்டுக்கொள்பவை. 0, 1, 2 போதாவிட்டால் 8, 16 என்று போங்கள்.

தொட்டியின் ஈரத்தில் சென்சார் எத்தனை நாள் தாங்கும் என்று பலர் கேட்டார்கள். கண் இரண்டும் திறந்த வகை நீண்ட நாள் தாங்காது. வாட்டர்ப்ரூஃப் வகை இருக்கிறது, ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி. அதே பிளாக்கே அதற்கும் ஓடும். ஆனால் 20 செ.மீ.க்கும் கிட்டே இருப்பதை அது சரியாக அளக்காது. ஆகவே நிறைந்த தொட்டியின் நீர்மட்டத்துக்கு ஒரு முழமாவது மேலே இருக்கும்படி மாட்டவேண்டும். எங்கள் மூடியில் அவ்வளவு உயரம் இல்லை. ஒரு பழைய பிவிசி குழாய்த் துண்டை வைத்து உயர்த்தியிருக்கிறேன். இந்த முறை வயரை டேப் போட்டு இறுக்கிவிட்டேன்.