கொச்சிக்கு ரெண்டு நாள் ட்ரிப்: முதல் தடவை போறவங்க எப்படி பிளான் பண்ணணும்

கோயம்புத்தூர்லேர்ந்து ட்ரெயின்ல நாலு மணி நேரம், சென்னையிலேர்ந்து ஒரு ராத்திரி, அவ்ளோதான் கொச்சி. பக்கம்தானேன்னு நிறைய பேர் ஒண்ணுமே பார்க்காம கிளம்பிடறாங்க. நானும் முதல் தடவை அம்மாவைக் கூட்டிக்கிட்டு அப்படித்தான் போனேன், ஸ்டேஷன் பக்கத்துல ரூம் போட்டு, சனிக்கிழமை காலையில ஆட்டோ பிடிச்சு தோப்பும்படி வழியா டிராஃபிக்ல ஊர்ந்து ஊர்ந்து மட்டாஞ்சேரி போய் இறங்கினா, அம்மா பார்க்கணும்னு ஆசைப்பட்ட சினகாக், அதாவது யூதர்களோட வழிபாட்டு இடம், மூடியிருக்கு. முட்டி வலியோட அவ்ளோ தூரம் வந்தவங்க அந்த மூடின கதவையே பார்த்துட்டு நின்னது இன்னிக்கும் எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. அதுக்கப்புறம் நாலு தடவை போயிட்டேன், அதுல கத்துக்கிட்டதைத்தான் வரிசையா எழுதறேன்.

ஸ்டெப் 1: தேதி

ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் மழை கொட்டும், முதல் தடவைக்கு அது வேணாம். நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் நல்லா இருக்கும். டிசம்பர் 31 ராத்திரி ஃபோர்ட் கொச்சியில பப்பாஞ்சின்னு பெரிய கிழவன் பொம்மையை எரிப்பாங்க, அதைப் பார்க்கவே போறீங்கன்னா சரி, இல்லைன்னா அந்த வாரத்தை விட்டுடுங்க, தெருவுல கால் வைக்க இடம் இருக்காது.

ட்ரெயின் டிக்கெட் இப்போ 60 நாளுக்கு முன்னாடிதான் ஓப்பன் ஆகும், முன்ன மாதிரி 120 நாள் கிடையாது. வெள்ளி ராத்திரி கிளம்பற வண்டி எல்லாம் சீக்கிரம் ஃபுல் ஆயிடும், அதனால ஓப்பன் ஆகற அன்னிக்கே போட்டுடுங்க. இன்னொண்ணு, அங்க ரெண்டு ஸ்டேஷன் இருக்கு. டிக்கெட்ல எர்ணாகுளம் ஜங்ஷன்னு இருந்தா ஊர்க்காரங்க அதை சவுத்னு சொல்லுவாங்க, எர்ணாகுளம் டவுன்னு இருந்தா அது நார்த். எதுல இறங்கறோம், எதுல ஏறறோம்னு ரெண்டையும் பார்த்து வச்சுக்கோங்க. ஃப்ளைட்ல வர்றவங்களுக்கு, ஏர்போர்ட் நெடும்பாசேரியில, ஊர்லேர்ந்து கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் தள்ளி.

ஸ்டெப் 2: தண்ணிக்கு எந்தப் பக்கம் தூங்கப் போறீங்க?

இதுதான் முக்கியம், இதை முடிவு பண்ணாம வேற எதையும் புக் பண்ணாதீங்க. கொச்சிங்கறது ஒரே இடம் இல்ல. ஸ்டேஷன், மெட்ரோ, மால் எல்லாம் இருக்கறது எர்ணாகுளம் பக்கம். நீங்க பார்க்கணும்னு நினைக்கிற பழைய தெரு, சீன மீன்பிடி வலை, அரண்மனை எல்லாம் காயலுக்கு, அதாவது உப்பங்கழிக்கு, அந்தப் பக்கம், ஃபோர்ட் கொச்சியிலயும் மட்டாஞ்சேரியிலயும். நடுவுல வில்லிங்டன் தீவு, அது 1920, 30கள்ல ராபர்ட் பிரிஸ்டோங்கற இஞ்சினியர் துறைமுகத்தை ஆழப்படுத்தறப்போ தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி உண்டாக்கினது. எர்ணாகுளத்துல தங்கினீங்கன்னா தினமும் இந்தத் தண்ணியைச் சுத்தி ரோட்டுல போயிட்டு வரணும், ரெண்டு நாள்ல பாதி நேரம் அதுலயே போயிடும்.

அதனால ஃபோர்ட் கொச்சியிலயே ரூம் போடுங்க. வீட்டுலயே ரெண்டு மூணு ரூம் விடற ஹோம்ஸ்டே அங்க தெருவுக்குத் தெரு இருக்கு, பிரின்சஸ் ஸ்ட்ரீட், ரோஸ் ஸ்ட்ரீட் சுத்துவட்டாரத்துல பார்த்தா கடற்கரைக்கு நடந்தே போயிடலாம். வயசானவங்க கூட வந்தா கீழ் ரூம் இருக்கான்னு ஃபோன் போட்டு கேட்டுடுங்க, பழைய வீடுங்கள்ல மரப்படி ரொம்ப செங்குத்தா இருக்கும்.

ஸ்டெப் 3: கார் வேணாம், படகுல போங்க

எர்ணாகுளம் பக்கம் ஹைகோர்ட் ஜெட்டியிலேர்ந்து, அதாவது படகுத்துறையிலேர்ந்து, வாட்டர் மெட்ரோங்கற படகு சர்வீஸ் இருக்கு, ஃபோர்ட் கொச்சிக்கு 40 ரூபா டிக்கெட். 2023ல ஆரம்பிச்சது, ஏசி போட்ட பேட்டரி படகு, ஐஎன்எஸ் விக்ராந்த் கப்பலைக் கட்டின அதே கொச்சின் ஷிப்யார்டுதான் இதையும் கட்டியிருக்கு. சத்தமே இருக்காது. போறப்போ வலது பக்கம் உட்காருங்க, போல்காட்டி தீவு தாண்டினதும் வல்லார்பாடம் கன்டெய்னர் டெர்மினலோட கிரேன் எல்லாம் வரிசையா நிக்கும், துறைமுக வாய்கிட்ட அதிர்ஷ்டம் இருந்தா டால்பின் முதுகு தெரியும். ரெண்டாவது தடவை அம்மாவை இப்படித்தான் கூட்டிட்டுப் போனேன், ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவே இல்ல.

சவுத் ஸ்டேஷன்ல இறங்கறவங்களுக்கு மெயின் போட் ஜெட்டி இன்னும் பக்கம், அங்கேர்ந்து அரசாங்க படகு போகுது, டிக்கெட் சில ரூபாதான்.

ஸ்டெப் 4: சனி எது, ஞாயிறு எது

இதைத் தெரியாமத்தான் நான் முதல் தடவை ஏமாந்தேன். சினகாக் வெள்ளி மத்தியானத்துக்கு மேலயும் சனிக்கிழமையும் மூடியிருக்கும், அது யூதர்களோட ஓய்வு நாள். ஞாயித்துக்கிழமை காலையில ஃபோர்ட் கொச்சி செயின்ட் பிரான்சிஸ் சர்ச்ல ஆராதனை நடக்கும், சுத்திப் பார்க்க முடியாது. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஆக சர்ச்சுக்கு சனி, சினகாக்குக்கு ஞாயிறு, இதை மாத்தாதீங்க.

சனிக்கிழமை காலையில பையை ரூம்ல போட்டுட்டு, புட்டு கடலை சாப்பிட்டு நேரா சர்ச். வாஸ்கோடகாமா 1524ல இந்த ஊர்லதான் செத்தார், முதல்ல இங்கதான் புதைச்சாங்க, 14 வருஷம் கழிச்சு எலும்பை போர்ச்சுகலுக்கு எடுத்துட்டுப் போனாங்க, கல்லறை இருந்த இடம் இன்னும் இருக்கு. மேல பார்த்தா நீளமா துணி விசிறி தொங்கும், வெளியில ஆள் உட்கார்ந்து கயித்தை இழுத்து வீசின காலத்தோடது.

அப்புறம் ஆட்டோக்காரர்கிட்ட தோபி கானா போங்கன்னு சொல்லுங்க. முக்காவாசி பேர் இதை விட்டுடறாங்க, நம்ம ஆளுங்க கண்டிப்பா பார்க்க வேண்டிய இடம். டச்சுக்காரங்க காலத்துல பட்டாளத்துத் துணி துவைக்க தமிழ்நாட்டுலேர்ந்து கூட்டிட்டு வந்த வண்ணார் குடும்பங்க, அவங்க வாரிசுங்க இன்னும் அங்க துவைக்கறாங்க, தமிழ்லயே பேசலாம். வரிசையா சின்னச் சின்ன தடுப்பு, ஒவ்வொண்ணுலயும் தொட்டியும் துவைக்கிற கல்லும். வெளியில கொடி முழுக்க வெள்ளை வேட்டியும் பெட்ஷீட்டும், ஆனா ஒரு கிளிப் கூட இருக்காது. ரெண்டு கயித்தை ஒண்ணா முறுக்கிக் கட்டியிருப்பாங்க, அந்த முறுக்கு நடுவுல துணி முனையைச் செருகிட்டா கடல் காத்து எவ்ளோ அடிச்சாலும் பறக்காது. ஒரு பெரியவர் என் கையில ஒரு துண்டைக் கொடுத்து செருகச் சொன்னார், விரலால முறுக்கை விரிச்சு முனையை உள்ள விட்டு விரலை எடுத்ததும் கயிறே கவ்விக்குது. அது வேலை செய்யற இடம், அதனால கேட்டுட்டு ஃபோட்டோ எடுங்க.

சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சீன வலைகிட்ட இருங்க. ஒரு வலைக்கு நாலு பேருக்கு மேல வேணும், ஒருத்தர் பெரிய கட்டை மேல நடந்து போனா அந்த கனத்துக்கு வலை தண்ணிக்குள்ள இறங்கும், மத்தவங்க கல்லு கட்டின கயித்தை இழுத்தா மேல வரும். சீனாக்காரங்க கொண்டு வந்ததுன்னும் சொல்றாங்க, மக்காவ்லேர்ந்து போர்ச்சுகீசியர் கொண்டு வந்ததுன்னும் சொல்றாங்க. பக்கத்துல மீன் வாங்கி சமைச்சுத் தரச் சொல்றதா இருந்தா மீன் கிலோ எவ்ளோ, சமைக்கக் கூலி எவ்ளோன்னு தனித்தனியா முதல்லயே கேட்டுடுங்க. கதகளி பிடிக்கும்னா ஷோவுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போங்க, மேக்கப் போடறதை உட்கார்ந்து பார்க்க விடுவாங்க, எனக்கு ஆட்டத்தை விட அதுதான் பிடிச்சுது.

ஞாயிறு காலையில மட்டாஞ்சேரி. அரண்மனையில ராமாயண சுவர் ஓவியத்துக்கு மட்டும் முக்கா மணி நேரம் வச்சுக்கோங்க. அங்கேர்ந்து ரெண்டு நிமிஷ நடையில 1568ல கட்டின சினகாக். செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனதும் எல்லாரும் மேல தொங்கற கண்ணாடி விளக்கைப் பார்ப்பாங்க, நீங்க தரையைப் பாருங்க, சீனாவுல கையால வரைஞ்ச நீல டைல், ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. அம்மா ஒவ்வொரு டைலா பார்த்துக்கிட்டே மெதுவா நடந்தாங்க.

மூணாறையும் ஆலப்புழாவையும் இந்த ரெண்டு நாள்ல சேர்க்கலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. சேர்க்காதீங்க. மூணாறு 130 கிலோமீட்டர், மலை ரோடு, அதுக்குத் தனியா லீவு போடுங்க.

ஸ்டெப் 5: திரும்பறது

ஞாயிறு சாயங்காலம் ஃபோர்ட் கொச்சி வாட்டர் மெட்ரோவுல வரிசை ரொம்ப நீளமா நிக்கும். ட்ரெயினுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே ஜெட்டிக்கு வந்துடுங்க. அங்க வரிசை நகரலைன்னா அரசாங்க படகு ஜெட்டிக்கு நடந்து போயிடுங்க, அது மெயின் ஜெட்டியில இறக்கி விடும், அங்கேர்ந்து சவுத் ஸ்டேஷன் ஒன்றரை கிலோமீட்டர்தான். வழியில நேந்திரங்கா சிப்ஸ் வாங்கறதா இருந்தா பாக்கெட்ல அடைச்சது வேணாம், எண்ணெயிலேர்ந்து அரிச்சு எடுத்துப் போடற கடையா பார்த்து, சூடு ஆறினதுக்கப்புறம் கட்டச் சொல்லி வாங்கிக்கோங்க.