குளிருக்குப் பயந்து கோழிக்கூட்டை அடைக்காதீர்கள்

பனி இறங்கியதும் புதிதாகக் கோழி வளர்ப்பவர்கள் முதலில் தேடுவது தார்ப்பாயைத்தான். கதவைத் தாழிட மறப்பது, தீவனத்தை நனைய விடுவது போன்றவற்றை அடிபட்டுத் தாங்களே திருத்திக்கொள்வார்கள். தார்ப்பாய் விஷயம் அப்படித் திருந்துவதில்லை.

காற்றுப் போக்கை அடைப்பது

சந்து பொந்தெல்லாம் பாலிதீன் திணித்துவிட்டு, "இவ்வளவு மூடியும் கொண்டை கறுத்துப்போச்சே" என்று வந்து நிற்பார்கள். மூடியதால்தான் கறுத்தது. எத்தனை முறை சொன்னாலும் அடுத்த குளிருக்கு இன்னொருவர் இதே கேள்வியோடு வருவார்.

கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். இறகை உப்பி உட்கார்ந்துவிட்டால் வறண்ட குளிரை நன்றாகவே தாங்கும். தாங்காதது ஈரத்தை. எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர், மூச்சிலும் ஈரம். வெளியேற வழியில்லாவிட்டால் அது கூரையில் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டும். நனைந்த இறகுக்குள் கதகதப்பு நிற்காது. ஈரம் படிந்த கொண்டையும் தாடியும் உறைபனியில் முதலில் வெளிறி, பிறகு நுனி கறுக்கும். பெரிய ஒற்றைக் கொண்டைச் சேவல்தான் முதலில் மாட்டும்.

தரையில் பரப்பிய கூளம் ஈரமானால் அமோனியா வாயுவும் கிளம்பும். 25 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கு) அளவிலேயே கண்ணும் மூச்சுக்குழலும் பாதிக்கும். காலையில் கூட்டைத் திறந்ததும் கோழியின் தலை மட்டத்துக்குக் குனிந்து முகர்ந்து பாருங்கள். நிமிர்ந்து நின்றால் தெரியாது.

கூரையை ஒட்டி, கோழிகள் அடையும்போது அவற்றின் தலைக்கு மேலே வரும்படி, எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு வையுங்கள். 10 சதுர அடித் தரைக்கு 1 சதுர அடித் திறப்பு என்பது பொதுக் கணக்கு. எலியும் கீரியும் நுழையாதபடி 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள வெல்டிங் வலை அடியுங்கள். அடைக்க வேண்டியது கீழ்ச் சந்துகளை மட்டும். கோழி அடையும் கட்டையில் மெல்லிய நாடா ஒன்றைக் கட்டிவிடுங்கள். அது படபடத்தால் கோழி மேல் நேராகக் காற்றடிக்கிறது. ஜன்னலின் உட்பக்கம் பனி பூத்திருந்தால் மேல் திறப்பு போதவில்லை.

சூட்டு விளக்கு

இறகு முளைத்த பெரிய கோழிக்குத் தேவையில்லை. உலர்ந்த கூளம், தூசி, மேலே 250 வாட் விளக்கு. ஒரு கோழி இறக்கையடித்தால் போதும், கூடு பற்றிக்கொள்ளும். விளக்குக்குப் பழகிய கோழிகள் மின்சாரம் போன இரவில் இன்னும் தவிக்கும். குஞ்சுகள் கதை வேறு: முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைக்க வேண்டும். விளக்கைச் சங்கிலியில் தொங்கவிடுங்கள், ஒயரில் வேண்டாம்.

இரும்புக் குழாயில் அடைய விடுவது

இரும்பு காலின் சூட்டை உறிஞ்சும். 5 × 10 சென்டிமீட்டர் மரச்சட்டத்தை அகலப் பக்கம் மேலே இருக்கும்படி பொருத்துங்கள். கோழி உட்காரும்போது வயிற்று இறகு விரல்களை முழுக்க மூடிவிடும்.

மெல்லிய கூளம்

மரச்சீவல் 15 சென்டிமீட்டராவது இருக்கட்டும். கட்டி தட்டாமல் கிளறிவிடுங்கள், நனைந்த இடத்தை அள்ளிவிடுங்கள்.

இரவில் கூட்டுக்குள் தண்ணீர்

இருட்டில் குடிக்காது. எடுத்துவிடுங்கள்.

கோழிக்கு ஸ்வெட்டர்

இறகு உப்ப முடியாது. கழற்றுங்கள்.

உறைந்த கொண்டையைத் தேய்ப்பது

தேய்த்தால் திசு கிழியும். நெருப்பருகே காட்டவும் கூடாது. உறையாத அறைக்குக் கொண்டுபோய் வெதுவெதுப்பான ஈரத்துணியை ஒற்றி, உலர்த்தி, அங்கேயே வைத்திருங்கள். மறுபடி உறைந்தால் சேதம் இரட்டிப்பாகும். கறுத்த நுனியை வெட்டாதீர்கள், தானே உதிரும். வீங்கினாலோ சீழ் வைத்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.